வைகை நகரில் ஒரு தாயின் பெயர்

மதுரை என்றவுடன் மீனாட்சியம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலுமே நம் நினைவில் முந்தி நிற்கும். சென்ற தை மாதம் குடும்பத்துடன் இரண்டு நாள் பயணமாக அங்குச் சென்ற யானும் முதல் நாளை அவற்றிற்கே அளித்தேன். மாலையில் வைகைப் பாலத்தைக் கடந்தபோது, ஆறு மணலிடையே சிற்றோடையாய்க் கிடந்தது. கோவலனையும் கண்ணகியையும் அழைத்துவந்த கவுந்தியடிகள் மரப்புணையில் கடந்த ஆறு இதுவன்றோ என்று எண்ணினேன். பல்லாண்டுகள் சிலப்பதிகாரம் கற்பித்த யான், அவ்வடிகளின் அறம் வாழ்ந்த குன்றுகளை ஒருமுறையேனும் மிதித்ததில்லை. அந்நாணத்தோடு மறுநாள் காலை நகரின் மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குப் புறப்பட்டோம்.

மதுரையைச் சூழ்ந்த எட்டுக் குன்றுகளை 'எண்பெருங்குன்றம்' எனப் போற்றுவது நம் மரபு. இப்பகுதியில் அறம் வேரூன்றிய பழமைக்கு மாங்குளம் சான்று. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கணி நந்தன் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் கற்படுக்கை அமைத்ததைக் கூறுகின்றன. வெள்ளறை நிகமத்தாராகிய வணிகரும் அக்குன்றில் கொடை அளித்துள்ளனர். அரசும் வணிகமும் ஒருங்கே துறவறத்தைத் தாங்கிய காலம் அது. தமிழில் கிடைத்துள்ள மிகத் தொன்மையான கல்வெட்டுகளுள் இவையும் அடங்கும்.

சமணர்மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் ஊர்த் தெய்வத்தின் கோயிலும் உள்ளன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் பார்சுவநாதர், பாகுபலி முதலியோரின் திருமேனிகள் வரிசையாகக் காட்சி தருகின்றன. அவற்றின் கீழ் வட்டெழுத்துகள் உள்ளன. இம்மலைக் கல்வெட்டு ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்று உரைக்கிறது. ஆனைமலை, அழகர்மலை மட்டுமன்றி, வடக்கே நம் ஊர்களுக்கு அணித்தான வள்ளிமலையிலும் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. தமிழகமெங்கும் திருமேனிகள் எழக் காரணமானவர் என வரலாற்றாசிரியர் போற்றும் அம்முனிவரைப் பெற்ற அன்னையின் பெயரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கல் காத்து நிற்கிறது.

இதனைக் கூறியபோது என் பேத்தி, "தாத்தா, உங்கள் அம்மாவின் பாட்டி பெயர் என்ன?" என்று கேட்டாள். யான் விடையின்றி நின்றேன். மூன்று தலைமுறைக்கு முந்தைய பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் குணமதியாரின் பெயர் தெரிகிறது. பொறித்து வைத்ததனால் அன்றோ!

அப்பொறிப்புகளின் அருகிலேயே அண்மைக் காலத்தார் சிலர் தம் பெயர்களைக் கீறி வைத்திருந்தமை நெஞ்சை வருத்தியது. தொல்லியல் துறையின் காவல் இருப்பினும், ஆள் வரவற்ற குன்றை அறிவிப்புப் பலகை மட்டும் காத்துவிடாது. அதனை உரிமையோடு நாடிச் செல்வோரும் வேண்டும். ஆகவே மதுரைக்குச் செல்லும் நம் குடும்பத்தினர் ஒரு காலைப் பொழுதையேனும் இம்மலைக்கு ஒதுக்க வேண்டுகிறேன். வெயில் ஏறுமுன் செல்க. குடிநீர் கொண்டு செல்க. பிள்ளைகளைத் தவறாது அழைத்துச் செல்க. குணமதியாரின் பெயரை அவர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஊர் திரும்பியதும், யான் அறிந்த முன்னோர் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளேன்.