மே 21-க்கும் ஜூன் 15-க்கும் நடுவில்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. தேசியக் கொடி போர்த்திய சவப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. கீழே ஒரு கட்சியின் சின்னம். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை, நாளைக்கு இன்னொரு கட்சியும் இதையே அனுப்பும். அதன் கீழே ஒருவன் கேட்டிருந்தான்: "சார், உங்க காலத்துல எல்லாம் இப்படி சாவை வெச்சு ஓட்டு கேட்டிருப்பாங்களா?"

கேட்டார்கள் தம்பி. நம் மணலியிலேயே கேட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பில் நான் உங்களுக்கு 1857 நடத்தினேன், 1947 நடத்தினேன். 1991-ஐ நடத்தியதே இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கதையின் முன்பகுதி. 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திரும்பியது. நம் சென்னைத் துறைமுகத்தில்தான் வரவேற்பு. முதலமைச்சர் கருணாநிதி அதற்குப் போகவில்லை. ஈழத்தில் தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். மூன்று மாதம் கழித்து, ஜூன் 19-ஆம் தேதி, கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றது விடுதலைப் புலிகள். கொலையாளிகள் பிடிபடாமல் தப்பிவிட்டார்கள். தலைநகரத்தின் நடுவில் இப்படி நடந்தால் அரசைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கேள்வி போன பாதையைப் பாருங்கள். 1991 ஜனவரி 30 அன்று சந்திரசேகர் அரசு திமுக ஆட்சியைக் கலைத்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே 356-ஆவது பிரிவைப் பயன்படுத்தினார்கள். சந்திரசேகர் அரசோ காங்கிரசின் வெளி ஆதரவில் நின்ற அரசு. கலைக்கச் சொல்லி வற்புறுத்திய அதிமுக, அடுத்து வந்த தேர்தலில் காங்கிரசோடு கூட்டணி வைத்தது. ஆக, குண்டு வெடிப்பதற்கு நாலு மாதம் முன்பே "புலி ஆதரவு" என்பது தேர்தல் சரக்காகிவிட்டது.

பிறகு மே 21. ஸ்ரீபெரும்புதூரில் காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்காகப் பிரச்சாரம் செய்ய வந்த ராஜீவ் காந்தி, இரவு பத்து மணிக்கு மேல் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். அவரோடு காவலர்களும் கட்சித் தொண்டர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பத்துப் பேரை யாரும் பேசுவதில்லை. போஸ்டரில் அவர்கள் முகம் வரவேயில்லை.

மணலியில் எங்களுக்குச் செய்தி வந்தபோது நடுராத்திரி இருக்கும். எம்.ஆர்.எல்-லில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தெருவில் நின்று பேசியதைக் கேட்டுத்தான் எழுந்தேன். கொஞ்ச நேரத்தில் மார்க்கெட் பக்கம் சத்தம். அங்கே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரர் திமுக. கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடிக்கம்பம் நட்டிருந்தார். அன்று சாயங்காலம்கூட அவர் கையால்தான் டீ குடித்தேன். "கொன்னவங்க இவங்கதான்டா" என்று யாரோ கத்தினார்கள். பலகை உடைகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால், பாய்லர் நசுங்கிக் கால்வாயில் கிடந்தது. கொடிக்கம்பம் அடியோடு அறுக்கப்பட்டிருந்தது. இது மணலி கதை மட்டுமில்லை. மாநிலம் முழுக்கத் திமுகவினரின் கடைகளும் வீடுகளும் கொடிக்கம்பங்களும் தாக்கப்பட்டன.

நாட்டில் முதல் கட்ட வாக்குப்பதிவு மே 20 அன்றே முடிந்திருந்தது. மீதியைத் தேர்தல் ஆணையர் சேஷன் ஜூன் 12-க்கும் 15-க்கும் தள்ளிவைத்தார். நமக்கு ஜூன் 15. இடையில் 25 நாள்.

அந்த 25 நாளைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மே 20 வரை நம் ஊரில் பேசியது தண்ணீர் லாரி, ரேஷன் அரிசி, எண்ணெய்க் கழிவு, காண்டிராக்ட் கூலி. மே 22-க்குப் பிறகு இதில் ஒன்றைக்கூட யாரும் மேடையில் கேட்கவில்லை. கேட்டால் "இந்த நேரத்தில் இதைப் பேசுகிறாயே" என்றார்கள். சுவர் முழுக்க மாலை போட்ட ராஜீவ் படம், ரத்தச் சிவப்பில் எழுத்து. ஆட்டோவில் சோகப் பாட்டு. வேட்பாளர் யார், அவர் தொகுதிக்கு என்ன செய்வார் என்பதே காணாமல் போனது. இறந்தவர் பெயரில் ஓட்டுக் கேட்டால் எதிர்த்துப் பேச முடியாது அல்லவா? அதுதான் அந்த முறையின் வசதி.

அப்போது புலனாய்வு என்ன நிலையில் இருந்தது தெரியுமா? பேரறிவாளன் கைதானது ஜூன் 11. நளினியும் முருகனும் பிடிபட்டது ஜூன் 14, வாக்குப்பதிவுக்கு முந்தின நாள். சிவராசன் பெங்களூரு அருகே இறந்தது ஆகஸ்டில். யார் திட்டம், யார் உடந்தை என்பது முழுதாகத் தெரியுமுன்னே மேடையில் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. பின்னால் வழக்கு நடந்தபோது கூண்டில் நின்ற 26 பேரில் திமுக தலைவர் ஒருவர்கூட இல்லை.

ஜூன் 15 அன்று எனக்கு வாக்குச்சாவடிப் பணி. சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் சேர்த்து வாக்குப்பதிவு, இரண்டு வாக்குச்சீட்டு. அதுவரை நான் பார்த்த தேர்தல் எல்லாம் திருவிழா மாதிரி இருக்கும். அன்று சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். ஒரு பாட்டி மையை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் துக்கம் பொய்யில்லை. அதை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தத் துக்கத்தை யார் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

முடிவு உங்களுக்குத் தெரியும். மக்களவைக்கு 39-க்கு 39. சட்டமன்றத்தில் அதிமுக 164, காங்கிரஸ் 60. ஆட்சியில் இருந்த திமுகவுக்கு 2 இடம். அமைதிப்படை வந்து இறங்கிய அதே துறைமுகத்தின் பெயர் கொண்ட தொகுதியில், கருணாநிதி 890 ஓட்டில்தான் கரையேறினார். பிறகு அந்தப் பதவியையும் விட்டுவிட்டார்.

வரலாற்று வாத்தியார் என்பதால் ஒரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். 1989 தேர்தலில் திமுக வாங்கியது சுமார் 33 சதவீதம். ஜெயலலிதா அணி 21, காங்கிரஸ் 20. கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 41 வருகிறது. அதாவது அந்தக் கூட்டணி, குண்டு வெடிக்காமல் இருந்தாலும் ஜெயித்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெயிக்கிற கையில் இருந்தவர்களுக்கும் சாவு தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த அலையிலும் திமுகவுக்கு 22 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துச் சபையில் கிடைத்தது இரண்டு நாற்காலி. எதிர்க்கட்சியே இல்லாத சபை அடுத்த ஐந்து வருடம் எப்படி நடந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு முறை பலித்ததை விடுவார்களா? 1997 நவம்பரில் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை வெளியே கசிந்தது. திமுக அமைச்சர்களை நீக்கு என்றது காங்கிரஸ். பிரதமர் குஜ்ரால் மறுத்தார். நவம்பர் 28 அன்று ஆதரவை விலக்கி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1998 ஜனவரி 11 அன்று சோனியா காந்தி தன் முதல் தேர்தல் பிரச்சாரத்தை ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கினார். கணவர் இறந்த மண்ணில் ஒரு பெண் நின்று பேசியதைப் பார்த்து எனக்கும் மனம் கலங்கியது. ஆனால் அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மக்கள் எல்லா முறையும் ஏமாறுவதில்லை.

அதே தேர்தல் நேரத்தில், பிப்ரவரி 14 அன்று, அத்வானி பேசவிருந்த நாளில் கோவையில் தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான், ஒரு காவலர் கொலையைத் தொடர்ந்து நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். பிரச்சாரத்தில் ஒரு சாரார் 58-ஐ மட்டும் பேசினார்கள், இன்னொரு சாரார் 18-ஐ மட்டும் பேசினார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் ஓட்டு வராது. அதிமுக, பாஜக கூட்டணி 30 இடம் ஜெயித்தது. கோவை பாஜகவுக்குப் போனது. வட சென்னை திமுகவிடமே நின்றது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 1999-இல் திமுகவும் பாஜகவும் கூட்டணி. 2004-இல் திமுகவும் காங்கிரசும் கூட்டணி, 39-க்கு 39. எந்தத் திமுகவை அமைச்சரவையில் வைத்திருந்ததற்காக ஓர் ஆட்சியைக் கவிழ்த்தார்களோ, அதே திமுகவோடுதான். ஜெயின் கமிஷன் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. மறுநாளே, ஏழு பேரையும் விடுவிப்பதாக முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். 1991-இல் ராஜீவ் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்ட அணியின் தலைவி அவர். மக்களவைத் தேர்தல் இரண்டு மாதத்தில் இருந்தது. 37 இடம் வென்றார். விடுதலை சரியா தப்பா என்பது வேறு வாதம். அவர்கள் வெளியே வந்தது 2022-இல், உச்ச நீதிமன்றத்தின் வழியாகத்தான். நான் சொல்வது, ஒரே சாவு இரண்டு பக்கமும் ஓட்டானது என்பதை.

வெளிமாநிலத்தையும் பார்த்தீர்கள். 2019 பிப்ரவரி 14, புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எப். வீரர்கள் இறந்தார்கள். அதில் இருவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வீரர்களின் படத்தைப் பிரச்சாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று மார்ச்சில் தேர்தல் ஆணையம் சொன்னது. ஏப்ரலில் பிரதமர், உங்கள் முதல் ஓட்டைப் புல்வாமா வீரர்களுக்கும் பாலகோட் தாக்குதல் நடத்தியவர்களுக்கும் அர்ப்பணிக்க முடியுமா என்று இளைஞர்களிடம் கேட்டார். ஆணையம் அதில் விதிமீறல் இல்லை என்றது. ஆணையர்களில் ஒருவரான அசோக் லவாசா அதை ஏற்கவில்லை.

இதற்கு மாற்றே இல்லையா? ஸ்பெயினைச் சொல்கிறேன். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் நகரத்து ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். உள்நாட்டுப் பிரிவினை இயக்கம்தான் செய்தது என்று ஆளும் கட்சி விடாப்பிடியாகச் சொன்னது. விசாரணையோ வேறு திசையைக் காட்டியது. ஓட்டுப் போடுமுன் உண்மையைச் சொல் என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆளும் கட்சி தோற்றது. அவர்களுக்குக் கிடைத்தது மூன்று நாள். நமக்கு 25 நாள் இருந்தது. நாம் கேட்கவில்லை.

நாம் என்று பொதுவாக எழுதித் தப்பிக்கப் பார்க்கிறேன். நான் கேட்கவில்லை.

அந்த டீக்கடைக்காரரின் மகன் அப்போது என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தான். பள்ளி திறந்ததும் ஒருநாள், பாடத்தின் நடுவே எழுந்து நின்றான். "சார், எங்கப்பா என்ன சார் பண்ணாரு?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. பிள்ளைகள் வீட்டில் போய் என்ன சொல்வார்களோ, யார் வந்து கேட்பார்களோ என்று பயம். "உட்காரு. பாடத்தைக் கவனி" என்றேன். அந்த வருடக் கடைசியில் அவர்கள் கடையை விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார்கள். 1991-ஐ நான் வகுப்பில் நடத்தாததற்கு இதுதான் அந்த இன்னொரு காரணம்.

அவன் இப்போது இந்தக் குழுவில் இருக்கிறான். பேரப்பிள்ளை எடுக்கிற வயது. என்னைப் பார்த்தால் இன்றும் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறான். பெயர் எழுத மாட்டேன், அவனுக்குத் தெரியும்.

தம்பி, பதில் சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது. உங்கப்பா ஒன்றும் பண்ணவில்லை. டீ போட்டார், கொடி நட்டார். அன்றைக்கே வகுப்பில் அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சவப்பெட்டிப் படம் வந்தால் இறந்தவர்களுக்காக அழுங்கள். அடுத்தவருக்கு அனுப்புமுன் கீழே சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை அனுப்பியவர் தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் குடும்பத்தின் வாசலில் நிற்பாரா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பிறகு உங்கள் இஷ்டம்.

தேதியில் பிழை இருந்தால் திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்த உங்களுக்கு இப்போது உரிமை உண்டு.