பழுது பார்க்கும் கை

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலம் சேர்ந்தது; பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் உறவுள்ள நமக்குப் பழைய கல்யாணப் படம்தான் சாட்சி.

அடியேனிடம் 1966இல் வெளிவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 வகை ரேஞ்ச்பைண்டர் கேமரா ஒன்று உண்டு. இரு பிம்பத்தை ஒன்றாக்கிப் போகஸ் பார்ப்பது. யாஷிகாவை 1983இல் கியோசெரா எடுத்தது. 2005இல் அதுவும் கேமராத் தொழிலை விட்டது. பாதரசப் பேட்டரி விற்பனையை 1996இல் அமெரிக்கா தடுத்தது. பேட்டரி இல்லாட்டி ஷட்டர் 1/500 வேகத்தில் மட்டும் ஓடும். உள்ளே சிறு ரப்பர் கரைஞ்சாலும் வெளிச்சக் கணக்கு தவறும். எங்க ஊர் மெக்கானிக் சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஓட்டினார். 1954இன் லைக்கா எம்3க்குப் பேட்டரியே வேண்டாம். அதற்கும் கழற்றத் தெரிந்த கை வேணும்.

அவர் காலமாகிவிட்டார்; அவர் முறையை யாரும் எழுதி வைக்கலை. தெரிந்தவர்கள் சொன்னால், அடுத்த மலரில் பதிவு செய்வோம்.