மூன்று முறை வாங்கிய பாதை: அரக்கோணம் – காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது 1865-ல். அரக்கோணத்திலிருந்து சுமார் 19 மைல். போட்டது மெட்ராஸ் ரயில்வே இல்லை. 1862-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'இந்தியன் டிராம்வே கம்பெனி' என்ற சின்ன நிறுவனம். பெயரில் டிராம் இருப்பதால் ரோட்டில் ஓடுகிற டிராம்னு நினைத்துவிடாதீர்கள். நிஜமான ரயில்தான், கொஞ்சம் ஒல்லி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 3 அடி 6 அங்குலம். இந்தப் பதிவு முழுக்க அந்த 3 அடி 6 அங்குலத்தைப் பற்றித்தான்.

இதை நான் தோண்டக் காரணம் என் அக்கா பையன். எங்க ஊர் திருப்புட்குழியிலிருந்து தினமும் பாலுச்செட்டி சத்திரம் வந்து, பஸ் பிடித்து, ஒரகடம் பக்கம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்குப் போகிறான். பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் ஜூனியர். குடோனுக்கு வேண்டிய பார்கோடு ஸ்கேனர், லேபிள் பிரிண்டர், லாரிக்கு ஜிபிஎஸ், இதையெல்லாம் வாங்குவது அவன் வேலை. மூணு கொட்டேஷன் வாங்கணும், எக்செல்லில் ஒப்பிட்டு ஷீட் போடணும், யார் விலை கம்மியோ அவர் எல்-1. ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டான்: "மாமா, மூணு மெஷினும் ஒரே வேலையைத்தானே செய்யுது? கம்மி விலையை வாங்கினா என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் 1862-லும் கேட்டிருக்கிறார்கள்.

இந்திய ரயிலுக்கு 5 அடி 6 அங்குலம்னு 1850-களின் தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள் முதலில் நினைத்தது இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலம். டல்ஹவுசி பிரபு 6 அடி வேணும்னார். கடைசியில் நடுவில் வந்து நின்றது 5 அடி 6. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மெட்ராஸ் ரயில்வே ஓட ஆரம்பித்தது இந்த அகலத்தில்தான். அரக்கோணம் அந்த வழியில் இருக்கிறது.

அகலப் பாதைக்குச் செலவு அதிகம். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு அந்தக் கவலை பெரிசா இல்லை. போட்ட முதலுக்கு 5 சதவீத வருமானத்தை அரசாங்கம் உத்தரவாதமாகக் கொடுத்தது. லாபம் வராவிட்டால் வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டுவார்கள். அப்புறம் யார் சிக்கனம் பார்ப்பார்கள்? இந்தியன் டிராம்வே கம்பெனிக்கு ஆரம்பத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பவுனையும் எண்ணிப் பார்த்தார்கள். பாதை குறுகினால் தண்டவாளம் லேசாகும், கட்டை சின்னதாகும், பாலம் சின்னதாகும், வளைவை இறுக்கிப் போடலாம், நிலமும் குறைவாகப் போதும். கம்பெனியின் இஞ்சினியர்கள் சார்லஸ் ஃபாக்ஸ், ஜார்ஜ் பெர்க்லி. ஃபாக்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1851 லண்டன் கண்காட்சியின் கண்ணாடி மாளிகையைக் கட்டிய நிறுவனம் அவருடையது. அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. ஒரு மைல் போட ஆகும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால், 3 அடி 6 தான் எல்-1.

அந்த ஷீட்டில் ஒரு காலம் மட்டும் விட்டுப்போச்சு. அரக்கோணம்.

காஞ்சிபுரத்தில் ஏற்றிய மூட்டை சென்னைக்குப் போகணும்னா அரக்கோணத்தில் இறக்கி, மெட்ராஸ் ரயில்வே வேகனில் திரும்ப ஏத்தணும். இந்தப் பக்க வேகன் அந்தப் பக்கத் தண்டவாளத்தில் உட்காராது. ஆள் கூலி, நேரம், கிழிந்த சாக்கு, காணாமல் போன சரக்கு, இதெல்லாம் 19 மைலுக்கும் ஒண்ணுதான், 190 மைலுக்கும் ஒண்ணுதான். தூரம் குறையக் குறைய அந்தச் செலவு ஒவ்வொரு மைல் மேலும் கூடுதலாக ஏறும். சின்னக் கிளைப் பாதைக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

பரோடாவில் கெய்க்வாட் போட்ட பாதை இன்னும் வேடிக்கை. 1862-ல் தபோய் – மியாகாம் இடையே 2 அடி 6 அங்குலப் பாதை, இழுத்தது மாடுகள். அடுத்த வருஷம் கிளாஸ்கோவின் நீல்சன் கம்பெனியிலிருந்து இஞ்சின் வாங்கினார்கள். தண்டவாளம் இஞ்சின் எடையைத் தாங்கவில்லை. கனமான தண்டவாளம் மாற்றிப் போட்டு, இஞ்சின் ஒழுங்காக ஓட 1873 ஆச்சு. அதுவரை மாடுதான். எங்க ஊர் மரகதவல்லித் தாயார் அருளால் வறுத்த பயறு முளைக்கும் என்பது நம்பிக்கை. பொருந்தாத மெஷினுக்கு அந்த அருள் கிடைத்ததாகக் கேள்விப்படவில்லை.

இந்த முடிவுகளை எல்லாம் எடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள்னு பாருங்கள். பிரிட்டிஷ் ரயில் கம்பெனிகளின் போர்டும் ஆலோசக இஞ்சினியரும் லண்டனில். அங்கேயே ஸ்பெசிஃபிகேஷன் எழுதி, அங்கேயே ஆர்டர் போட்டு, அங்கேயே சோதித்துக் கப்பல் ஏத்துவார்கள். இங்கே இருந்த ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு இண்டென்ட் எழுதுவதும், வந்ததை எண்ணி வைப்பதும்தான் வேலை. அரசு வாங்குதலுக்கென்று இந்தியாவிலேயே 'இந்தியன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்' வந்தது 1922-ல். மூட்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்தவருக்கும் கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவருக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தது. அக்கா பையன் விஷயத்தில் அது குடோன் தரைக்கும் இரண்டாவது மாடிக்கும் உள்ள தூரம், அவ்வளவுதான். ஷீட் போடுவதற்கு முன் ஒரு ஷிஃப்ட் கீழே போய் நில்லுடான்னு அவனுக்குச் சொன்னேன். போய் நின்றான். கம்மி விலை ஸ்கேனருக்குச் சார்ஜர் ஸ்டாண்டு வேற அளவு, இருக்கிற 40 ஸ்டாண்டில் ஒன்றிலும் உட்காராது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். நல்லவேளை, ஆர்டர் போவதற்கு முன்னாடி.

சரி, பாதைக்கு வருவோம். இந்தியன் டிராம்வே கம்பெனி 'கர்நாடிக் ரயில்வே' ஆனது. 1874-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயுடன் சேர்ந்து 'சவுத் இந்தியன் ரயில்வே' பிறந்தது. இதற்கிடையில் 1870-ல் மேயோ பிரபுவின் அரசாங்கம் சிக்கனப் பாதைக்கு இன்னொரு அளவைத் தேர்ந்தெடுத்திருந்தது, சரியாக ஒரு மீட்டர். இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்ற நம்பிக்கை. வரப்போகும் அப்கிரேடை நம்பி இன்றைக்கே வாங்குவது! மெட்ரிக் அளவுக்கான சட்டம் நிலைத்தது 1956-ல்.

ஆக, 1878-ல் காஞ்சிபுரம் பாதையை மீட்டர் கேஜுக்கு மாற்றினார்கள். வித்தியாசம் 67 மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் நீளம். அதற்காக 19 மைல் தண்டவாளத்தையும் நகர்த்தி, இஞ்சின், வேகன் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அதே காலத்தில் நாகப்பட்டினம் – திருச்சி பாதைக்கு நேர் எதிர் கதி. அகலமாகவே போட்டிருந்ததை மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள்.

ஃபாக்ஸின் அளவு மோசமானது என்று சொல்லிவிட முடியாது. அதே 1865-ல், ஜூலை 31 அன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதல் ரயில் ஓடியது. அதே 3 அடி 6 அங்குலம், அங்கேயும் ஆலோசகர் ஃபாக்ஸ்தான். அந்தக் காலனியில் அதற்கு முன் ரயிலே கிடையாது, ஒத்துப்போக வேண்டிய பக்கத்துப் பாதையும் இல்லை. அங்கே இன்றைக்கும் பெரும்பாலான ரயில்கள் அந்த அளவில்தான் ஓடுகின்றன. காஞ்சிபுரத்தில் அது 13 வருஷம்தான் தாங்கியது.

மீட்டர் கேஜாக மாறியதில் தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் இணைய வழி கிடைத்தது. அரக்கோணம் மட்டும் அப்படியே இருந்தது, அந்தப் பக்கம் அகலப் பாதை, இந்தப் பக்கம் மீட்டர். 1992 ஏப்ரலில் யூனிகேஜ் திட்டம் தொடங்கி, அதில் இந்தப் பாதையும் மாறிய பிறகுதான், காஞ்சிபுரத்தில் ஏறின வேகன் அரக்கோணத்தில் நிற்காமல் போக முடிந்தது. 5 அடி 6 அங்குலம், 1856-லிருந்து 19 மைல் தள்ளி ஓடிக்கொண்டிருந்த அதே அளவு.