கோட்டை போச்சு, வீடு ஆயருக்கு ஆச்சு

உடன்குடின்னா எல்லாருக்கும் கருப்பட்டிதான் ஞாபகம் வரும். கொச்சியில இருக்கிற நண்பனுக்கு ரெண்டு கிலோ கட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். போன இடத்துல நம்ம கடற்கரையோட பழைய கதை ஒண்ணு மாட்டிச்சு. அதான் இந்தப் பதிவு.

ஃபோர்ட் கொச்சிக்குப் போறவங்க வாஸ்கோடகாமாவைப் புதைச்ச இடத்தைப் பார்த்துட்டு, சீனவலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. பரேட் மைதானத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன மேட்டு மேல பிஷப் ஹவுஸ் இருக்கு. பெரிய பெரிய வளைவுகள் வச்ச வீடு. 1506ல போர்த்துக்கீசிய கவர்னருக்காகக் கட்டினது. ஆயருக்கும் அதுக்கும் அப்போ சம்பந்தமே கிடையாது.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1503ல, கொச்சி ராஜா அனுமதியோட கோட்டை கட்ட ஆரம்பிச்சாங்க. முதல்ல மரமும் மண்ணும், பிறகு கல். இம்மானுவேல் கோட்டைன்னு பேரு, அவங்க ராஜா மனுவேல் நினைவா. 1530ல கோவாவுக்கு மாறுற வரைக்கும் போர்த்துக்கீசியருக்கு இந்தியாவுல இதுதான் தலைநகர்.

இனிமேதான் நம்ம கதை. 1530களில் முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் நொந்துபோன பரதவர், ஜோவாம் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி யோசனை சொல்ல, பாதுகாப்பு கேட்டு ஆள் அனுப்பினது இந்தக் கொச்சிக்குத்தான். போனவங்க அங்கேயே ஞானஸ்நானம் வாங்கினாங்க. பின்னாலேயே கப்பல்களும் பாதிரியார்களும் வந்து, கரையோர ஊர்கள் மொத்தமா மதம் மாறின. சவேரியார் வந்தது அதுக்கப்புறம், 1542ல. 1558ல கொச்சி மறைமாவட்டம் ஆனப்போ முத்துக்குளித்துறையும் அதுலதான் சேர்ந்தது. எங்க ஊருக்குப் பக்கத்து மணப்பாட்டுக்கு ஆயர் கொச்சியில!

மனு கொடுக்கப் போனவங்க எந்த வாசல் வழியா நுழைஞ்சிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே அந்த மேட்டுல நின்னேன். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் என்னமோ பண்ணிச்சு.

1663ல டச்சுக்காரன் கொச்சியைப் பிடிச்சான். ஒரு கோவிலை மட்டும் தனக்கு வச்சுக்கிட்டு மத்ததை இடிச்சான். சாந்தா குரூஸ் பேராலயம் தப்பிச்சது, எப்படி? ஆயுதக் கிட்டங்கியா! கடைசியில 1795ல வந்த இங்கிலீஷ்காரன் அதையும் விடலை. 1806ல கோட்டையையே வெடிவச்சுத் தகர்த்தான். 1838ல ரோம் மறைமாவட்டத்தையே நிறுத்தி வச்சது.

1886ல அது திரும்ப உயிர் பெற்றப்போ வந்த ஆயர் தோம் கோமஸ் ஃபெரைரா. கவர்னர் வீடு ஆயர் கைக்கு வந்தது அவர் மூலமாத்தான். கோவில் கிட்டங்கியாச்சு, கவர்னர் பங்களா ஆயர் இல்லமாச்சு. கணக்கு சரியாப் போச்சு :-)

அப்போ கோட்டை? அதே வளாகத்துல இந்தோ-போர்த்துக்கீசிய மியூசியம் இருக்கு. ஆயர் ஜோசப் குரீத்தரா ஆரம்பிச்சது. மாடியில இருக்கிற வெள்ளிச் சாமான், சிலுவையெல்லாம் நிதானமாப் பாருங்க, ஆனா கீழ் அறைக்குப் போகாம வந்துடாதீங்க. பழைய கோட்டைச் சுவரோட மிச்சம் அங்கேதான் இருக்கு. நாங்க போனப்போ வேற யாருமே இல்லை.

மணப்பாட்டு மக்கள் யாராவது இதைப் படிச்சா, கொச்சிக்குப் போன பெரியவங்களைப் பத்தி உங்க வீட்டுல ஏதாவது கதை ஓடுதான்னு சொல்லுங்க. கருப்பட்டி அனுப்பி வைக்கிறேன்.