சுமேரியரும் கோயிற் பொருளும்

எழுத்தும் நகரும் முற்பட வளர்த்த மாந்தருட் சுமேரியர் தலைநின்றவராவர். யூப்ரடீசு, தைகிரீசு என்னும் பேராறுகளின் கீழ்ப்பாங்கில், இற்றை ஈராக்கு நாட்டின் தென்பகுதியில், ஊர், உருக்கு, இலகாசு முதலிய நகரங்களை அமைத்து அவர் வாழ்ந்தனர். கல்லும் நன்மரமும் அரிதாகிய அவ்வண்டல் நிலத்தில் மண்ணே அவர்க்குச் செல்வமாயிற்று. மண்ணாற் செங்கல் அறுத்துக் கோயில் எடுத்தனர். மண்பலகையில் நாணற் கோலால் எழுதினர். வாய்க்கால் வெட்டிப் பார்லி விளைத்தனர்.

‘ஊர்’ என்னும் நகர்ப்பெயரையும், ஒட்டுநிலையாகிய மொழியமைப்பையுங் கண்டு, சுமேரியர் தமிழரே எனத் துணிந்து கூறுவாரும் உளர். அந்நகரைச் சுமேரியர் தாம் ‘உரிம்’ என்று வழங்கினர். அவர் மொழி வேறெவ்வினத்தோடுஞ் சேராத தனிமொழி என்பதே மொழிநூலார் பெரும்பாலார் கொள்கை. சிந்துவெளி முத்திரைகள் அந்நகரிற் கிடைத்தமையால் இருநாட்டார்க்கும் வாணிகத் தொடர்பு இருந்தமை தெளிவு. அதன்மேற் செல்லுதல் சான்றின்மேற் செல்லுதலாகாது.

நாம் அவர்பாற் கற்கத்தக்கது வேறொன்றுண்டு. அவர்தம் நகரவாழ்வில் கோயிலே நடுநாயகமாய் விளங்கிற்று. அது விளைநிலமும் களஞ்சியமும் ஆநிரையும் உடையது; உழவர், நெசவர், மீன்பிடிப்பார் முதலிய பலர்க்கும் பார்லி அளந்து கொடுத்தது. உருக்கு நகரிற் கிடைத்த மிகப் பழைய மண்பலகைகளிற் பெரும்பாலன பாட்டும் கதையும் அல்ல, வரவுசெலவுக் கணக்குகளே. எழுத்து வளர்ந்தது கணக்கின் பொருட்டென்க.

கணக்கிருந்தும் தவறு புகுந்தது. கி. மு. 24-ஆம் நூற்றாண்டில் இலகாசை ஆண்ட உருககினா என்பான் மட்கூம்புகளிற் பொறிப்பித்த செய்தி இதனை விளக்கும். கடவுளின் எருதுகள் தலைவனுடைய வெங்காயத் தோட்டங்களை உழுதன. ஒருவன் இறப்பின், ஈமக்கடன் செய்வோர் 7 சாடி மதுவும் 420 அப்பமும் வாங்கினர். உருககினா இதனை 3 சாடியும் 80 அப்பமுமாகக் குறைத்தான். கடனாற் சிறைப்பட்டாரை விடுவித்தான். கைம்பெண்ணையும் தாய்தந்தையிலாப் பிள்ளையையும் வலியார் கையிற் கொடேன் என்று தன் தெய்வமாகிய நின்கிர்சுவின் முன் உறுதிகூறினான். தன்னைத் தானே புகழும் அரசனுரையாகலின் யாவும் நிறைவேறின என்று கொள்ளல் வேண்டா. பத்தாண்டும் நிரம்பாமுன் உம்மா நகரத்து இலுகால்சாகேசி அவனை வென்றான். எனினும், கடவுட்குரியது கடவுட்கே என்னும் நெறி அத்துணைப் பழங்காலத்திலேயே எழுத்திலேறியமை வியக்கற்பாலது.

நம் நாட்டிலும் இந்நெறி கல்லின்மேல் நிற்கின்றது. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் அளித்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லால் நிறுக்கப்பட்டதென அங்குள்ள கல்வெட்டுக்கள் கூறும். இறைவன் பெயரே எடைக்கல்லுக்குப் பெயராயின், நிறுப்பவன் கை எங்ஙனம் தாழும்! கி. பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களோ, வாரியப் பணிசெய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்கின.

சுமேரியரொடு நமக்குக் குருதியுறவு உண்டோ இன்றோ என்று வழக்கிடுதலினும், பொதுப்பொருட்குக் கணக்குக் காட்டுதலே கடவுட் பணி என்னும் இவ்வறத்தைப் போற்றுதல் சிறந்தது. மண்ணில் எழுதியதும் கல்லில் வெட்டியதும் அதனையே வற்புறுத்துகின்றன. திருக்கோயிற் பொருளைக் கையாளுவார் யாவரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.