இலவச ஐஸ் தண்ணீரின் சரித்திரம்

அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் மோட்டார்ப் பிரயாணிகளை, தெற்கு டகோட்டாவின் வறண்ட சமவெளியில் பல மைல் தூரத்துக்கு முன்பிருந்தே சாலையோரப் பலகைகளால் வருந்தி அழைக்கும் ‘வால் டிரக்’, ஆதியில் ஒரு சாமானிய மருந்துக்கடை. 1931-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே அதை விலைக்கு வாங்கிய டெட் ஹஸ்டெட் ஐந்தாண்டு ஈ ஓட்டியதுதான் மிச்சம். 1936 கோடையில் அவர் மனைவி டோரதி, ரஷ்மோர் மலைச் சிற்பங்களைக் காண வெயிலில் வாடிப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, தண்ணீரே என்று யோசித்து, இலவச ஐஸ் தண்ணீர் என்று எழுதிப் பலகைகள் நடச் சொன்னார். நட்டுவிட்டுக் கணவர் திரும்புவதற்குள் கடையில் ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்களாம். தண்ணீர் குடித்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூசி ஐஸ்கிரீமாவது வாங்கினார்கள். யுக்தியின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் அப்பலகைகளை அந்நிய தேசங்களிலும் நட்டார்கள். பிற்காலத்தில் நெடுஞ்சாலையருகே எழுந்த, இரவில் கண் ஒளிரும் 80 அடி டைனோசரை ரசிக்க என்னால் முடியவில்லை. குழந்தைகளின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம். நெடுஞ்சாலை விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1965-ல் சட்டம் வந்த பின்னும் கடை நொடிக்கவில்லை; ஐஸ் தண்ணீரோடு ஐந்து சென்ட் காப்பியும் அங்கே பிரசித்தம்.