மூடிய நெருப்பும் ஆம்பூர்த் தோலும்

இறைச்சியைக் கனலில் வாட்டுவது ஒரு கலை. அதே கனலைக் கூட்டுக்குள் அடைத்து, அணையவும் விடாமல் பொங்கவும் விடாமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காத்து, அதன் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெல்ல வேகவைப்பது முற்றிலும் வேறொரு கலை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதற்கென்றே எஃகுக் கூடுகள் செய்கிறார்கள். இரட்டைச் சுவர், இடையில் வெப்பம் காக்கும் பஞ்சு, அடியில் கரித்தட்டு, காற்று நுழைய ஒரு சிறு வாய், மேலே புகைபோக்கி என்பதே அதன் அமைப்பு. கடையில் வாங்காமல் வீட்டுப் பின்கட்டிலேயே தகடு வெட்டிப் பற்றவைத்து இதைச் செய்துகொள்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். தமிழில் இதற்கு நிலைத்த பெயரில்லை. இக்கட்டுரையில் புகையடுப்பு என்றே அழைப்போம்.

இந்தப் புகையடுப்பின் வரலாற்றை ஆம்பூரில் நின்று பார்க்க நமக்கொரு காரணம் உண்டு. புகையடுப்பு ஒரேயொரு பொருளைக் கரைப்பதற்காகவே இருக்கிறது. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் தொழில், அதே பொருளைக் கரையவிடாமல் காப்பதற்காகவே இருக்கிறது. அந்தப் பொருளுக்குக் கொலாஜன் என்று பெயர்.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். பார்பெக்யூ என்ற சொல்லின் மூலமான 'பார்பகோவா' கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடையது. 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியர் அதை எழுதிவைத்தார்கள். அச்சொல் அன்று குறித்தது குச்சிகளால் கட்டிய ஒரு பரணை மட்டுமே. பரண் மண்குழியானது, குழி செங்கல் தொட்டியானது, இருபதாம் நூற்றாண்டில் தொட்டி இரும்பானது. டெக்சாஸின் எண்ணெய் வயல்களில் எஞ்சிய தடித்த குழாய்களை வெட்டிப் பற்றவைத்தவர்கள் உண்டு. 200 லிட்டர் பீப்பாயின் வயிற்றில் துளையிட்டவர்கள் உண்டு. சிகாகோவில் ஓர் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீவன், 1952இல் கடல் மிதவை செய்வதற்கான உலோக அரைக்கோளங்கள் இரண்டைச் சேர்த்து மூடியுள்ள அடுப்பொன்றைச் செய்தார். இன்று உலகெங்கும் விற்கும் உருண்டை அடுப்புகளுக்கு அதுவே மூலம். இந்த வரலாற்றில் பெரும்பகுதி பட்டறைக் கழிவிலிருந்து பிறந்தது என்பது நம் கவனத்துக்குரியது.

ஆனால் வெறும் இரும்புக் கூட்டில் ஒரு குறை உண்டு. இரும்பு சூட்டை வாங்கியவுடன் வெளியே கொட்டிவிடும். காற்றடித்தாலோ மழை தூறினாலோ உள்ளே சூடு விழும். ஈடுகட்ட மேலும் விறகு போட வேண்டும். விறகு கூடினால் காற்று கூட வேண்டும். காற்று கூடினால் இறைச்சி உலர்ந்து கட்டையாகும். எஃகின் வெப்பக் கடத்துதிறன் கனிமப் பஞ்சினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே இரண்டு தகடுகளுக்கு இடையே இரண்டு அங்குலப் பஞ்சை அடைத்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. ஒரு கூடை கரி இரவு முழுவதும் வரும். உள்ளே 105 முதல் 120 பாகை செல்சியஸ் வரை சூடு அசையாமல் நிற்கும்.

எனவே திட்டமிடுபவர் முதலில் வரைய வேண்டியது காற்றின் வழியை. கீழ்வாய் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவே நெருப்பு. கதவிடுக்கில் காற்று கசிந்தால் அந்த ஆளுகை போயிற்று. ஆதலால் பற்றவைப்பின் நேர்த்தியும் கதவின் பொருத்தமும் தகட்டின் கனத்தைவிட முக்கியமானவை. கனலுக்கும் இறைச்சிக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு வேண்டும், நேர்ச்சூடு தாக்காதிருக்க. உட்சுவருக்குத் துத்தநாகம் பூசிய தகடு ஆகாது, சூட்டில் அதன் ஆவி நஞ்சு. பழைய பீப்பாயைப் பயன்படுத்துவோர் அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்தே தீரவேண்டும். தோல் பட்டறைகள் நிறைந்த ஊர்களில் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். ரசாயனம் இருந்த பீப்பாயும் வேண்டாம். குரோமியத்தில் பதனிட்ட தோல் துண்டுகளை எரிபொருளாக்கும் எண்ணமும் வேண்டாம், எரியும்போது அந்தக் குரோமியம் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும்.

விறகுக்குக் கவலையில்லை. டெக்சாஸ்காரர்கள் புகைமணத்துக்காகக் கொண்டாடும் மெஸ்கீட் மரம், நம் ஊரில் எல்லோரும் சபிக்கும் வேலிக்காத்தானின், அதாவது சீமைக் கருவேலத்தின், நெருங்கிய உறவு. நமது கடைகளில் கிடைக்கும் அடுப்புக்கரியில் பெரும்பங்கு அதிலிருந்து வருவதே.

இத்தகைய அடுப்பு இந்தியாவுக்கு அந்நியமா என்றால், முழுக்க அல்ல. 1910இல் வங்காளத்தின் இந்துமாதவ் மல்லிக் வடிவமைத்த 'இக்மிக் குக்கர்' புகையடுப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். ஓர் உருளைக்கூடு, உள்ளே அடுக்குப் பாத்திரங்கள், அடியில் கொஞ்சம் கரி, சிறிது நீர். கரியை மூட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனவர் திரும்பி வரும்போது சோறும் பருப்பும் கறியும் வெந்திருக்கும். புரி ஜகந்நாதர் கோயிலில் பானைமேல் பானை அடுக்கிச் சமைக்கும் முறையே அவருக்குத் தூண்டுதல் என்று சொல்வதுண்டு. புகை அதில் இல்லை. ஆனால் கூட்டுக்குள் அடைத்த சிறு கனல், ஆளில்லாத நீண்ட பொழுது என்ற இரண்டு கருத்துகளும் அதில் முழுமையாக உள்ளன.

புகையூட்டிய உணவு தமிழருக்குக் கடல்வழி வந்தது. மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்யும் மாசி ஈழத்துச் சமையலறைக்கும் தென்கடற்கரைக்கும் பழக்கமானது. உள்நாட்டில் வெயில் தாராளமாகக் கிடைத்ததால் உப்புக்கண்டம் போதுமாயிருந்தது. மூடிய நெருப்பு உள்நாட்டுக்கு வந்தது வேறொரு வாசல் வழியாக. அந்த வாசல் ஆற்காடு.

'தம்' என்ற பாரசீகச் சொல்லுக்கு மூச்சு என்று பொருள். வடக்கே லக்னோவில் 1784 பஞ்சத்தின்போது நவாப் ஆசஃபுத்தௌலா இமாம்பாரா கட்டட வேலையாட்களுக்காக மூடிவைத்த அண்டாக்களில் இம்முறை பிறந்தது என்பது கதை. கதை என்றே அதைக் கொள்வோம். மூடிச் சமைப்பது அதற்கு மிக முந்தையது. கர்நாடகத்து நவாப் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டில் இதே ஆம்பூரில் நடந்த போரில் மாண்டார். அந்த நவாபுகளின் அடுக்களையிலிருந்து வந்த கைப்பக்குவமே ஆம்பூர் பிரியாணியானது என்பது ஊரின் நம்பிக்கை. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், சீரகச் சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். கறியை மசாலாவில் முழுக்க வேகவிட்டு, தனியே முக்கால் பதம் வடித்த சோற்றை அதனுடன் சேர்த்து, மூடியிட்டு, அடுப்பின் கனலில் ஒரு பங்கை வாரி மூடியின்மேல் பரப்புவார்கள். அடியிலும் தலையிலும் நெருப்பு. நடுவில் சோறு தன் ஆவியிலேயே முடிகிறது. புகையடுப்பு செய்பவர் பஞ்சால் சாதிப்பதைத் தேக்சாக்காரர் சாம்பல் பூத்த கனலால் சாதிக்கிறார். மூடியின்மேல் கிடக்கும் அந்தக் கனல் சூடு தருவதோடு சூடு வெளியேறாமலும் காக்கிறது.

இரண்டு அடுப்புகளிலும் உள்ளே நடப்பது ஒன்றே. விலங்கின் தசையைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் முறுக்கிய இழை. சூடு ஏறினால் முதலில் சுருங்கும், அதனால்தான் அரைவேக்காட்டுக் கறி ரப்பராகிறது. ஈரத்தோடு மணிக்கணக்கில் காத்திருந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக உருகும். விரலில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு அதுதான். இந்த முறுக்கின் வடிவத்தைக் கண்டு சொன்னதும் இந்த மாநிலத்தில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் கொலாஜன் மூன்று இழைகள் பின்னிய சுருள் என்று எழுதினார்கள். அதற்கான மாதிரி அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாண். 1948இல் தொடங்கிய அந்நிலையத்தின் அரங்கமொன்று இன்றும் அந்த மூவிழைச் சுருளின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதனிடுதல் என்பது அந்தச் சுருளுக்குப் பூட்டுப் போடுவது. பச்சைத்தோல் 60, 65 பாகையிலேயே நீரில் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊட்டினால் எழுபது, எண்பது வரை தாங்கும். குரோமியம் ஊட்டிய தோல் கொதிநீரிலும் சுருங்காது. தோலை வெந்நீரில் போட்டுப் பார்ப்பதே பட்டறைகளின் பழைய சோதனை. புகையும் ஒரு பதனிடு பொருளே. வட அமெரிக்கப் பழங்குடிகள் மான்தோலைப் புகையில் காட்டிக் காத்தார்கள். விறகுப் புகையிலுள்ள ஆல்டிஹைடுகள் இழைகளைப் பிணைத்துவிடுகின்றன. புகையடுப்பில் இறைச்சியின் மேற்பரப்பு கருத்துத் தடித்துப் பொருக்காவதில் இதே வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. வெளியே சிறிது பதனிடல், உள்ளே முழு உருக்கம்.

இந்த இரு கதைகளும் ஒரே மனிதரிடம் சந்திப்பது விந்தை. ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். செம்புத் தேக்சாவுக்கு அடிக்கடி ஈயம் பூச வேண்டியிருந்தது. பூச்சு தேய்ந்தால் புளிப்புப் பட்டுச் செம்பு நஞ்சாகும். அலுமினியத்துக்கு அந்தச் செலவில்லை, கனமும் குறைவு. இன்று தமிழ்நாட்டில் கல்யாணப் பந்தி முதல் தெருமுனைக் கடை வரை பிரியாணி ஏறும் அண்டாக்களில் பெரும்பாலானவை அந்த உலோகமே. சில ஆண்டுகள் கழித்து அவர் குரோமியப் பதனிடலை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறை அது. கவலை இறைக்கும் தோல்பைகள் நீரில் ஊறிச் சீக்கிரம் கிழிந்து போவதைக் கண்டு, கிழியாத தோல் வேண்டுமென்று இறங்கினார். தனியார் வணிகர்கள் அரசு தொழில் நடத்தலாகாது என்று கூக்குரலிட்டார்கள். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு இத்தகைய அரசுத் தொழில் முயற்சிகளுக்குத் தடைபோட்டார். அரசின் குரோமியப் பட்டறை கைமாறியது. ஆனால் முறை நின்றது. பின்னாளில் அது பாலாற்றங்கரையெங்கும் பரவிய விதமும், நிலத்தடி நீருக்கு நேர்ந்த கதியும், 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பும் வாசகர்கள் அறிந்தவை. அவை தனிக்கட்டுரைக்குரியன.

நாம் புகையடுப்புக்குத் திரும்புவோம், இம்முறை அதற்குள் வைக்கும் இறைச்சியைப் பற்றி. டெக்சாஸ் அடுப்பின் பெருமையெல்லாம் மாட்டின் நெஞ்சுக்கறியில் இருக்கிறது. நாள் முழுதும் உடலின் பாரத்தைச் சுமக்கும் தசை அது, கொலாஜன் அடர்ந்தது, சட்டியில் வறுத்தால் பல்லுக்கு அடங்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் நின்ற துண்டுகளைப் புகையிலிட்டார்கள். வாங்கியவர்களில் பலர் பருத்தி பறிக்க வந்த கூலிகள். குழியில் இறைச்சி வேகவைக்கும் பக்குவத்தைத் தென்மாநிலங்களில் காத்து வளர்த்தவர்களோ பெரும்பாலும் கறுப்பின அடிமைகள். மலிவான கறி, மலிவான விறகு, நீண்ட பொறுமை. இன்று அதே நெஞ்சுக்கறிக்கு மக்கள் விடியுமுன் வரிசையில் நிற்கிறார்கள்.

நம் பக்கத்திலும் கதை அதே இடத்தில்தான் தொடங்குகிறது. தோல் வரும் மாட்டுக்கு இறைச்சியும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் முஸ்லிம் வணிகர்களும் தலித் தொழிலாளர்களும் சேர்ந்து வளர்த்த தொழில் இது. மாட்டுக்கறி பிரியாணி அங்கே அன்றாடம். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022 மே 13 முதல் மூன்று நாள் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் புதிய மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. இருபதுக்கு மேற்பட்ட பிரியாணி வகைகள் என்று விளம்பரம் ஆயிற்று. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஊருக்கு உலகச் சந்தையைத் திறந்துகொடுத்த விலங்கு, ஊரின் பெயர்பெற்ற உணவின் விழாவில் விலக்கப்பட்டது.

எதிர்ப்பு எழுந்தது. அரங்குக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. கனமழை எச்சரிக்கையைக் காரணம் காட்டி நிர்வாகம் விழாவைத் தள்ளிவைத்தது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், இந்த விலக்கை ஏன் பாகுபாடாகக் கொள்ளக் கூடாது என்று விளக்கம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கை அனுப்பியது.